கூடுதல் பண்பு

நீங்கள் காலை நன்றாக நீட்டி உட்காருங்கள் அண்ணாச்சி, பை என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைக்கச் சொல்லிக் கண்டக்டரும் சொல்லிப் பார்த்துவிட்டார். மேலே வைக்கிற பொருள் இல்லை இது. உள்ளே லேப்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. விழுந்தால் உடைந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. சும்மாவே, மேலே வைக்கிற பொருள் இல்லை.

மாற்று வண்டி எப்போது வருமாம்? நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்களேன். நான் கேட்டால் அவர் முறைக்கிறார். பணகுடி தாண்டி டயர் வெடிக்கிறது, வெடிக்கட்டும். மாற்று டயர் என்று ஒன்று பின்னால் கட்டியிருக்கிறார்களே, அதிலும் காற்று இல்லையாம். வெளியே பாருங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் கரண்ட் எடுக்கிற காற்றாடி. காற்றை விற்றுப் பிழைக்கிற ஊரில் ஒரு டயருக்குக் காற்று இல்லை.

நாலரைக்கு ராகுகாலம். இல்லை, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பொதுவாகச் சொன்னேன்.

ஆமாம், இப்படித்தான் பேசுவேன். அச்சடித்ததைப் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று எங்கள் ஆபீஸிலும் கேலிதான். பெயர் சிதம்பரதாணு. ஊர் நாகர்கோவில் ஒழுகினசேரி. வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தயாரிக்கிற ஓர் இடத்தில் வேலை. ஊர் ஊராகப் போய் ஆட்கள் பேசுவதைப் பதிவு செய்வோம். பிறகு சொல் சொல்லாக வெட்டி, சொல்லுக்கு ஒரு கோப்பாகக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்போம். வழக்குச் சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் வழக்கில் பேசக் கூடாது என்பது என் கொள்கை. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை மென்றுகொண்டா வியாபாரம் பார்க்கிறார்?

இப்போதும் ஆபீஸ் வேலையாகத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் என்ன? திருநெல்வேலி டவுனில் ஒருவரைப் பார்த்து, ஒரு கோப்பைப் பற்றி ஒரு விளக்கம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். சட்டையா? புதிது இல்லை. வாங்கிப் போடாமல் வைத்திருந்தது.

என்ன கோப்பு, என்ன விளக்கம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். வண்டி வருகிற வரைக்கும் வேறு என்ன செய்ய?

ஒரு கோப்புக்கு உள்ளே இருக்கும் விஷயம் ஒன்று, வெளியே இருக்கும் பெயர் ஒன்று. இது எல்லாருக்கும் தெரியும். இவை போக, கோப்போடு ஒட்டிக்கொண்டு, ஆனால் கோப்பைத் திறந்தால் கண்ணில் படாமல், சின்னச் சின்னக் குறிப்புகள் வைக்கலாம். இது பலருக்குத் தெரியாது. கூடுதல் பண்பு என்று பெயர். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உண்டு. ‘யூசர்’ என்று தொடங்கி, ஒரு புள்ளி வைத்து, அதன்பிறகு நாம் விரும்பும் பெயர். யூசர் புள்ளி ஊர் என்பது பெயர் என்றால், சங்கரன்கோவில் என்பது மதிப்பு. யூசர் புள்ளி வயது, யூசர் புள்ளி பொருள். அவ்வளவுதான்.

ஆனால் நாம் நேரே கை வைக்க முடியாது. இயங்குதளத்திடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சிஸ்டம் கால் என்பார்கள். ‘அமைப்பு அழைப்பு’ என்று யாரோ தமிழாக்கியிருந்தார்கள். கல்யாண அழைப்பு மாதிரி இருக்கிறது என்று நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘முறையீடு’ என்று மாற்றினேன். தாலுகா ஆபீஸ் ஜன்னலில் மனுக் கொடுப்பதுபோலத்தான். பண்புகளுக்கு நாலே நாலு முறையீடு. இடு, எடு, அடுக்கு, நீக்கு. இடு என்றால் பண்பை வை. எடு என்றால் அதன் மதிப்பைக் கொடு. அடுக்கு என்றால் இந்தக் கோப்பில் என்னென்ன பண்புகள் இருக்கின்றன, வரிசையாகச் சொல். நீக்கு என்றால் நீக்கு. இதில் அடுக்கு இருக்கிறதே, அது பெயர்களை மட்டும்தான் சொல்லும். மதிப்பைச் சொல்லாது. மதிப்பு வேண்டுமென்றால் தனியாக எடு என்று கேட்க வேண்டும்.

எக்செல் தாளில் போட்டால் போதாதா என்று எங்கள் கணக்கர் அருள்தாஸ் இன்றைக்கு வரை கேட்கிறார். போதாது. ஒரு பொருளைப் பற்றிய செய்தி அந்தப் பொருளோடேயே இருக்க வேண்டும். இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. சாதாரணப் பென்டிரைவில் போட்டால் கோப்பு போகும், பண்பு போகாது. பென்டிரைவுக்குப் பண்பு தெரியாது. நம் ஆட்களிலேயே சிலர் சென்னைக்கு ரயில் ஏறினதும் பண்பை இங்கேயே விட்டுவிடுகிறார்களே, அந்த மாதிரி.

இந்த வேலைக்குத்தான் வடிவாம்பிகை வந்தார். டவுன்காரர். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, கம்ப்யூட்டரும் தானாகக் கற்றுக்கொண்டவர். எல்லாரும் வடிவு என்பார்கள். நான் மட்டும் வடிவாம்பிகை என்றுதான் கூப்பிடுவேன். பதிவேட்டில் என்ன பெயரோ அதுதான் பெயர். ஒரு பெயர் இரண்டு விதமாகப் புழங்கினால் பிறகு தேடும்போது கிடைக்காது.

முதல் நாளே நான் எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “அப்போ பண்பே இல்லாத கோப்பும் உண்டா சார்?” என்றார்.

“நிறைய உண்டு. ஒன்றும் ஆகாது. வேலை செய்யும்.”

“ஆளுவளும் அப்படித்தான் சார்” என்றார். அருள்தாஸ் சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. கேட்ட கேள்விக்குத்தானே நான் பதில் சொன்னேன்.

வேலையில் கெட்டிக்காரர். அதைச் சொல்லத்தான் வேண்டும். ராதாபுரம் பக்கம் வெயிலில் அலைந்து, வாய் திறக்காத ஆட்களையும் பேச வைத்துவிடுவார். ஒருமுறை வேலை மிச்சம் என்று பென்டிரைவில் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய், திரும்ப வந்து ஏற்றினார். பண்பு ஒன்றுகூட இல்லை. நான் சத்தம் போட்டேன். “எங்க வீட்டுக்கு வந்ததும் பண்பு போயிட்டு சார். நீங்க ஒரு தரம் வந்து பாருங்க, உங்களுக்கும் போகுதான்னு” என்றார். எனக்குப் பென்டிரைவோடுதான் தகராறு, வீட்டோடு இல்லை என்று விளக்கினேன்.

மதியத்துக்குக் கூட்டாஞ்சோறு கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். முதலில் எனக்குக் காரணம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது, அந்தச் சொல் அப்போது எங்கள் பட்டியலில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு விளக்கத்தில் ‘முருங்கைக்கீரையும் சேரும்’ என்று திருத்தினேன். அதன் பிறகும் கொண்டுவந்தார். இனித் தேவையில்லை, விளக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

ஏன் தலையில் கை வைக்கிறீர்கள்? வெயிலா? ஜன்னல் பக்கம் வருகிறீர்களா?

பிரச்சினை அதற்குப் பிறகுதான். வாராவாரம் நான் எல்லாக் கோப்புகளிலும் ‘அடுக்கு’ ஓட்டிப் பார்ப்பேன். ஒழுங்கில்லாத பெயர் ஏதாவது நுழைந்திருந்தால் தெரிந்துவிடும். ஒரு வாரம் பார்த்தால், ‘யூசர் புள்ளி தாணு’ என்று ஒரு பண்பு.

என் பெயரில்! நம் ஒழுங்குப்படி ஊர் உண்டு, வயது உண்டு, பொருள் உண்டு. தாணு கிடையாது. அதுவும் எந்தக் கோப்பில்? ‘கோட்டி’ என்ற சொல்லின் கோப்பில். கோட்டி என்றால் பைத்தியம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நீக்கிவிட்டேன். நீக்கிவிட்டு நேரே போய்ச் சொன்னேன். எதையும் முதுகுக்குப் பின்னால் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“வடிவாம்பிகை, ஒழுங்கில் இல்லாத ஒரு பண்பு இருந்தது. நீக்கிவிட்டேன்.”

“நீக்கிட்டியளா?”

“ஆமாம்.”

“வாசிச்சியளா?”

“எதற்கு? பெயரே தவறு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் டீ வேண்டாம் என்றுவிட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடியும். இந்தத் தடவை ‘பைய’ என்ற சொல்லில். மெதுவாக என்று பொருள். அதே யூசர் புள்ளி தாணு. நீக்கினேன். அதற்கடுத்த வாரம் வேறொரு சொல்லில். அதையும் நீக்கினேன். ஒரு நாள் அவளே வந்து என் மேஜைப் பக்கம் நின்றாள். “ஏன் சார், எப்பவும் பேரை மட்டும்தான் பாப்பியளா? உள்ள என்ன இருக்குன்னு ஒரு தரம் எடுத்துப் பாக்க மாட்டியளா?”

“பெயர் ஒழுங்காக இருந்தால் பார்ப்பேன்.”

“பேருல என்ன சார் ஒழுங்குக்கேடு? உங்க பேருதான.”

“அதுதான் ஒழுங்குக்கேடு” என்றேன்.

அவள் என்றா சொன்னேன்? வாய் தவறியிருக்கும். அவர்.

இதோ, ஒரு பஸ். இல்லை, அது எக்ஸ்பிரஸ், நிற்காது. கண்டக்டர் கை காட்டினாரா? காட்டவே இல்லை. நான் இறங்கிப் போய்க் காட்டட்டுமா? சரி, உட்கார்கிறேன். உங்கள் சிப்ஸ் பொட்டலம்தான் நசுங்குகிறது, மன்னியுங்கள்.

அப்புறம் ஆனி மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். திடீரென்று. “அப்பா வீட்டோட வரச் சொல்லிட்டாங்க சார். ஆடி முடியட்டும்னு இருக்காங்க” என்றார். ஆடி முடிந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஒருவருடைய சொந்த விஷயத்தில் தலையிடுவது நாகரிகம் இல்லை. ‘கோப்புகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டீர்களா?’ என்று மட்டும் கேட்டேன்.

அவர் இந்த டிஸ்க்கை மேஜையில் வைத்தார். “கடைசியா போன ஊருல எடுத்தது எல்லாம் இதுல இருக்கு. ஒரு கோப்பை மட்டும் பூட்டி வச்சிருக்கேன். நீங்க நினைச்சாலும் நீக்க முடியாது” என்றார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். எதையோ மறந்துவிட்டார் போல என்று நான் மேஜையைச் சுற்றும் பார்த்தேன். குடைகூட இல்லை. பிறகு போய்விட்டார்.

பண்பு கெட்ட மனுஷன் என்று அருள்தாஸ் என்னைத் திட்டினார். அவரே எக்செல்காரர், பண்பைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி?

நான் அன்றைக்கே ‘அடுக்கு’ ஓட்டினேன். நினைத்தது சரிதான். ‘வெரசா’ என்ற சொல். ‘விரை’ என்கிற வினையடியிலிருந்து வந்தது, விரைவாக என்று பொருள், நெல்லைப் பக்கம் நன்றாகப் புழங்கும். அதில் யூசர் புள்ளி தாணு. நீக்கு என்று முறையிட்டேன். அனுமதி இல்லை என்று வந்தது. பூட்டித்தான் வைத்திருக்கிறார். அந்தப் பூட்டைத் திறக்க எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒரே ஒரு வரி. தட்டினால் திறந்துவிடும்.

தட்டவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். வேறு வேலை இருந்தது. ஆடி முழுக்க வேறு வேலை இருந்தது. டிஸ்க் மேஜையிலேயே கிடந்தது. அதற்காக ஒன்றும் இல்லை, ஆனால் அடிக்கடி அதை எடுத்துத் துடைத்து வைத்தேன். தூசி.

முந்தாநாள் அருள்தாஸ் என் எதிரே வந்து உட்கார்ந்தார். “ஓய் தாணு, கேட்டீரா? நம்ம வடிவுக்கு ஞாயித்துக்கிழமை பூ வைக்காவ. தூத்துக்குடி மாப்பிள்ளை. ராகுகாலத்துக்கு முன்னாடி பூ வச்சு முடிச்சிருவாவ.”

“நல்லது” என்றேன்.

“நல்லதா? உமக்கு ஒண்ணுமே தோணலியா ஓய்?”

“அந்தப் பூட்டிய கோப்புக்கு விளக்கம் வாங்கவில்லையே என்று தோன்றுகிறது” என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். நாற்காலியைக்கூட உள்ளே தள்ளவில்லை.

அதன் பிறகு டிஸ்க்கை மாட்டினேன். நீக்க இல்லை. ‘எடு’ என்று கேட்கலாம் என்று. பூட்டினாலும் எடுக்கலாம், பூட்டு தடுப்பது மாற்றுவதையும் நீக்குவதையும் மட்டும்தான். ஆனால் எடு என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாங்கி வைக்க எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறாய் என்று அது கேட்கும். பூஜ்யம் என்று சொன்னால், மதிப்பைத் தராது. எவ்வளவு இடம் வேண்டும் என்று அளவை மட்டும் சொல்லும். நான் பூஜ்யம் என்றேன்.

முப்பது பைட் என்று வந்தது.

அவ்வளவோடு மூடிவிட்டேன். திறந்து வாசித்தால் என்ன என்கிறீர்கள். வாசிக்கலாம். ஆனால் அளவு தெரிந்த பிறகு, வாசிக்காமலே கண்டுபிடிக்க முடியுமே! தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளி ஒரு குறி, துணைக்கால் ஒரு குறி. ஆக, பத்துக் குறி. பத்துக் குறிக்குள் ஒரு பெண் என்ன சொல்லியிருக்க முடியும்?

முதலில் ‘கோட்டிப்பயல்’ என்று போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு. அது இல்லை. ‘மன்னிக்கவும்’ என்று போட்டேன். அதுவும் முப்பத்தாறு. ‘போய் வாரேன்’ என்று போட்டுப் பார்த்தேன். அது முப்பத்தொன்று. இடைவெளிக்கு ஒரு பைட். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் பிரித்து எழுத வேண்டியதைச் சேர்த்து எழுதுவார், அந்தப் பழக்கத்தை என்னால் மாற்றவே முடியவில்லை. ‘போய்வாரேன்’ என்று சேர்த்து எழுதினால், சரியாக முப்பது.

நேற்றிலிருந்து அதுதான். எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல சொல், விடைபெறுகிற சொல், வேலையை விட்டுப் போகிறவர் சொல்ல வேண்டிய சொல்தான். அப்படியே இருக்கட்டும். நான் போய்க் கேட்கப்போவது, இதைச் சேர்த்து எழுதியது சரியா என்பதுதான். ஓர் அகராதி ஆபீஸில் இருந்தவர் இப்படி எழுதலாமா என்று. பூ வைக்கிற நேரத்தில் போய் இதைக் கேட்பதா என்கிறீர்கள். அதற்கு முன்னால் போனால் நல்லது. பூ வைத்த பிறகு ஒரு பெண்ணிடம் இலக்கணம் கேட்பது முறையாக இருக்காது.

என்ன அண்ணாச்சி இப்படிச் சத்தம் போடுகிறீர்கள்? எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சரி. சரி, திறக்கிறேன். உங்களுக்காகத் திறக்கிறேன். இந்தப் பக்கம் பிடியுங்கள், வயர் கழன்றுவிடும். சார்ஜ் இருக்கிறது. டிஸ்க் வந்துவிட்டது. இதுதான் கோப்பு, வெரசா. கேட்க வேண்டுமா? ராதாபுரத்து அம்மா ஒருவர் சொல்லியிருக்கிறார். ‘ஏ மக்கா, வெரசா வந்துரு.’ அது கிடக்கட்டும்.

எடு. எந்தக் கோப்பு, எழுதினேன். எந்தப் பண்பு, யூசர் புள்ளி தாணு. எவ்வளவு இடம்? முப்பது. நாற்பதே ஒதுக்குகிறேன், குறைந்துவிடக் கூடாது. தட்ட வேண்டியதுதான். நீங்களே தட்டுங்களேன். பெரிய பொத்தான், வலது பக்கம். நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன்.

தட்டிவிட்டீர்களா?

வந்ததா?

என்ன அண்ணாச்சி, சிரிக்கிறீர்களா, என்ன? கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாதா உங்களுக்கு? இப்படித் திருப்புங்கள்.

‘வருவீர்களா’.

வ, ரு, வீ, ர், க, ளா. ஆறு எழுத்து. பத்துக் குறி. முப்பதுதான், கணக்குச் சரி.

பேச்சில் அவள் இப்படிச் சொல்ல மாட்டாள் அண்ணாச்சி. ‘வாரியளா’ என்பாள். ஒரு நாள்கூட அவள் வாயிலிருந்து ‘வருவீர்களா’ என்று வந்ததில்லை. எனக்காக எழுதியிருக்கிறாள். எனக்குப் புரிகிற தமிழில். இதற்கு முன்னால் நீக்கினேனே, பைய, கோட்டி, அந்த மூன்றாவது ஒன்று, அதிலெல்லாம் என்ன இருந்திருக்கும்? எத்தனை பைட் இருந்திருக்கும்? அதைக்கூட நான் கேட்கவில்லை.

கேள்விக்குறி போடவில்லை, பாருங்கள். போட்டிருந்தால் முப்பத்தொன்று வந்திருக்கும். போட வேண்டாம்தான். கடைசியில் ஆ இருக்கிறதே, அதுவே வினா எழுத்து. குறி தேவையில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். நான்தான் மூன்று வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மணி என்ன? இரண்டரையா?

போனா? போட்டால் என்ன சொல்வது? ‘ஆம், வருவேன்’ என்றா? ஆடி முழுக்க அவள் காத்துக் கிடந்திருக்கிறாள், போனில் இரண்டு சொல்லா? இந்த மாதிரிக் கேள்விக்குப் போய் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். அவள் அப்பா முன்னால் நின்று சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர்கள் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இந்தப் பையைச் செத்த நேரம் பிடியுங்கள். இல்லை, கொடுங்கள், அது என்னோடு வரட்டும். டிஸ்க் மட்டும் போதும், லேப்டாப் உங்களிடம் இருக்கட்டும். நாகர்கோவில் அருள்தாஸ் என்று கேட்டால் சொல்வார்கள், அவரிடம் கொடுத்துவிடுங்கள். அது ஆபீஸ் பொருள். சட்டை கசங்கியிருக்கிறதா? பின்னால்? பரவாயில்லையா?

அந்தா ஒரு மீன் வண்டி வருது. கண்டக்டர் அண்ணாச்சி, வழிய விடுங்க, நான் இங்கனயே எறங்கிக்கிடுதேன். டிக்கெட்டுக்குச் சில்லறை வேண்டாம், வச்சுக்கிடுங்க. ஏ டிரைவரண்ணே! நில்லுங்க, நில்லுங்க! டவுனுக்குத்தான போறிய? மீன் நாத்தம் கெடக்கட்டும், நான் ஏறிக்கிடுதேன்.

கொஞ்சம் வெரசா போங்கண்ணே.